போட்டி நடத்தும் நிறுவனத்தை விற்கலாமா? ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரருக்குப் பதில்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே இலண்டனுக்கு வந்தவன். ஒன்பது ஆண்டுகள் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரனாக இருந்து, கண் உபாதையால் ஓய்வுபெற்றேன். 2016 இல் என் பெயரிலேயே போட்டிகள் நடத்தும் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தேன். கிழக்கு இலண்டனின் சிறிய மண்டபங்களில் ஆண்டுக்கு நான்கு போட்டி இரவுகளை நடத்துகிறோம். எட்டு வீரர்கள் எங்களுடன் ஒப்பந்தத்தில் உள்ளனர். அவர்களில் 23 வயது இளைஞர் ஒருவர் ஆடிய 12 சண்டைகளிலும் தோற்கவில்லை. அவருக்கு மேலாளரும் நானே. இப்போது விளையாட்டு முகாமைத்துவ நிறுவனம் ஒன்று எங்களை 400,000 பவுணுக்கு வாங்கக் கேட்கிறது. கைச்சாத்திடும் நாளில் 120,000 பவுண் தருவார்கள். மீதி மூன்று ஆண்டுகளில், போட்டிகளின் எண்ணிக்கையையும் அந்த இளைஞர் பட்டச் சண்டைக்குப் போவதையும் பொறுத்து வரும். அந்த மூன்று ஆண்டுகளும் நான் வேலையில் இருக்க வேண்டும். விலகினால் மீதிப் பணம் இல்லை. விலகியபின் ஐந்து ஆண்டுகள் குத்துச்சண்டைத் தொழிலில் எதிலும் ஈடுபடக் கூடாது. சென்ற ஆண்டு இலாபம் 38,000 பவுண். என் சம்பளம் 12,570 பவுண். நான் சொந்தப் பணத்தில் போட்ட 60,000 பவுண் இன்னும் நிறுவனத்தின் கடனாக நிற்கிறது. பங்குகளில் 60 வீதம் என்னுடையது, 40 வீதம் மனைவியுடையது. கம்பனிச் செயலாளரும் அவரே. அவர் விற்கச் சொல்கிறார். எனக்கும் களைப்புத்தான். ஆனால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஒஸ்கார் டி லா ஹோயா தன் போட்டி நிறுவனத்தை விற்காமல்தானே வைத்திருக்கிறார்? விற்றால் என் வீரர்களுக்கு எப்போது சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் பதில் தரவேண்டும் என்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இல்பர்ட்

பதில்:

அன்புள்ள தம்பி,

விற்பதில் தவறில்லை, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனைகளில் விற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சிறு வணிகங்களை வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒப்பந்தம் எழுதும் சட்டத்தரணி என்ற முறையில், வந்திருக்கும் விலையைவிட அந்த விலையைக் கட்டியிருக்கும் விதமே எனக்குக் கவலை தருகிறது. உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நான்கு இரவுகளுக்காக உழைத்து, எடை பார்க்கும் நாளில் பிரதான சண்டை கலைந்து போனால் அத்தனையும் நட்டமாகும் ஒரு தொழிலில் குடும்பச் சேமிப்பு 60,000 பவுண் முடங்கிக் கிடப்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது.

முதலில் அந்த 400,000 என்ற எண்ணைப் பாருங்கள். சென்ற ஆண்டு இலாபம் 38,000 பவுண் என்கிறீர்கள். ஆகவே அவர்கள் இலாபத்தின் பத்து மடங்குக்கும் மேல் தர முன்வருகிறார்கள். உங்கள் அளவிலுள்ள, உரிமையாளரின் உழைப்பில் நடக்கும் ஒரு வணிகத்துக்கு யாரும் அப்படித் தருவதில்லை. அதோடு அந்த 38,000 உண்மையான இலாபமும் இல்லை. நீங்கள் எடுக்கும் சம்பளம் 12,570 பவுண் மட்டுமே. நீங்கள் செய்யும் வேலைக்கு ஒருவரை 50,000 பவுண் சம்பளத்தில் வைத்தால் அந்த இலாபம் ஏறக்குறைய முழுவதுமே கரைந்துவிடும். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு நிறுவனம் இதை அறிந்தும் இவ்வளவு விலை சொல்கிறதென்றால், அது வாங்க நினைப்பது அந்த இளைஞரையும், அவரை அழைத்துக்கொண்டு வரக்கூடிய உங்களையும்தான். மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் மீதிப் பணம் என்ற நிபந்தனையின் பொருளும் அதுவே.

இனி, விற்பதற்கு நிறுவனத்திடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புரமோட்டர், அதாவது போட்டி நடத்துபவர், என்ற உரிமத்தைக் கார்டிஃபில் இருக்கும் பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபை உங்களை அறிந்து, உங்கள் பெயரில் தந்திருக்கிறது. பங்குகள் கைமாறுவதால் அதுவும் சேர்ந்து கைமாறாது. வாங்குபவர் தன் ஆளுக்குச் சபையிடம் தனியாக விண்ணப்பித்துப் பெறவேண்டும், அதுவரை உங்களுடைய உரிமத்தில்தான் போட்டிகள் நடக்கும். யோர்க் ஹோல் போன்ற மண்டபங்களில் முன்பதிவு செய்த நாட்கள், அனுசரணையாளர்கள், மேடைச் சாமான்கள், பழைய சண்டைகளின் ஒளிப்பதிவுகள் எல்லாம் நிறுவனத்தின் சொத்துகளே என்றாலும் இவற்றைக் கூட்டினால் பெரிய தொகை வராது.

சிறு மண்டபப் போட்டிகளின் பொருளாதாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாங்குபவருக்கு அது தெரியுமா என்பதில்தான் எனக்கு ஐயம். தொலைக்காட்சிப் பணம் இல்லாத இந்த மட்டத்தில், உள்ளூர் வீரர் தன் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வேலைத்தலத்தில் உள்ளவர்களுக்கும் தானே நுழைவுச்சீட்டு விற்கிறார். எதிர்த்து ஆட வருபவரின் கூலி, மண்டப வாடகை, மருத்துவர்கள், அம்புலன்ஸ், சபை அதிகாரிகளின் கட்டணம் எல்லாம் அந்தச் சீட்டுப் பணத்திலிருந்துதான் போகின்றன. ஒரு வீரர் இருநூறு சீட்டு விற்க ஒப்புக்கொள்வது உங்கள் நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்காக அல்ல. நீங்கள் அவருடைய மூலையில் நின்றவர், தோற்ற இரவில் வீடுவரை கொண்டுபோய் விட்டவர் என்பதற்காக. இதைப் பங்குச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்க வழியே இல்லை.

வீரர்களின் ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவை காகிதத்தில் தோன்றும் அளவுக்கு உறுதியானவை அல்ல. 1989 இல் குத்துச்சண்டை வீரர் நைஜல் பென் தொடர்பாக அவருடைய மேலாளர் ஃபிராங்க் வொரன் தொடுத்த வழக்கில், தன் ஒப்பந்தத்தில் இருக்கும் வீரருக்கு அம்ப்ரோஸ் மெண்டி என்பவர் மேலாளராகச் செயற்படுவதைத் தடுக்கும்படி கேட்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தர மறுத்தது. தனிப்பட்ட திறமையும் பரஸ்பர நம்பிக்கையும் தேவைப்படும் ஒரு தொழிலில், நம்பிக்கை போனபின் ஒருவரைச் சுற்றிவளைத்துப் பழைய மேலாளரிடமே திரும்ப வைக்க நீதிமன்றம் துணைபோகாது என்பதே அதன் சாரம். நட்டஈடு கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

உங்கள் நிலைமையை இன்னும் நேராகத் தொடுவது 1991 இல் மைக்கல் வொட்சன் தன் மேலாளர் மிக்கி டஃபுக்கு எதிராக வென்ற வழக்கு. மேலாளரின் கடமை வீரருக்கு அதிகமான பணம் பெற்றுக்கொடுப்பது. புரமோட்டரின் நலனோ குறைவாகக் கொடுப்பதில் இருக்கிறது. இரண்டு தொப்பிகளையும் ஒருவரே அணிந்திருந்ததால், சபையின் வழக்கமான படிவத்தில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தமும் தொழில் சுதந்திரத்துக்கு நியாயமற்ற தடையாக முடிந்தது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். உங்கள் இளைஞருக்கும் நீங்களே மேலாளர், நீங்களே புரமோட்டர். அவரை ஒரு நல்ல சட்டத்தரணி சந்தித்தால் இந்த வழக்கைத்தான் முதலில் எடுத்து வைப்பார். 400,000 பவுணின் பெரும்பகுதி இந்த ஒற்றை நூலில் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற வீரர்கள் நடத்திய நிறுவனங்களில் இது நடந்தும் இருக்கிறது. 1985 இல் உலகப் பட்டம் வென்ற பரி மக்கிகன் தன் குடும்பத்தோடு நடத்திய சைக்ளோன் நிறுவனத்தின் பெரும் நட்சத்திரம் கார்ல் ஃப்ராம்டன். 2016 இல் நியூயோர்க்கில் லியோ சான்டா குரூஸை வென்று இரண்டாவது எடைப்பிரிவிலும் உலகப் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டே பிரிந்து போனார். இரு தரப்பும் பெல்பாஸ்ட் உயர் நீதிமன்றத்தில் ஒருவர்மீது ஒருவர் தொடுத்த வழக்குகள் 2020 இல்தான் சமரசத்தில் முடிந்தன. மகனைப்போல் பழகியவர்கள் என்று ஊரே சொன்ன உறவு அது.

டி லா ஹோயாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் 2002 இல், இன்னும் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, கோல்டன் போய் நிறுவனத்தைத் தொடங்கினார். தான் ஓய்வு பெறுவதற்கு முன்பே, 2007 இல் மேவெதருக்கு எதிரான தன்னுடைய சண்டையையே தன் நிறுவனம் நடத்தும் அளவுக்கு அதை வளர்த்தார். ஆனால் பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தவர் ரிச்சர்ட் ஷேஃபர் என்ற முன்னாள் சுவிஸ் வங்கியாளர். 2014 இல் அவர் விலகியதைத் தொடர்ந்து பல முன்னணி வீரர்களும் அந்த நிறுவனத்தை விட்டுப் போனார்கள். 2018 இல் இணைய ஒளிபரப்பு நிறுவனமான டஸோனோடு 11 சண்டைகளுக்கு 365 மில்லியன் டொலர் என்று பேசப்பட்ட மெக்சிக்கோ வீரர் கனெலோ அல்வாரெஸ், 2020 செப்டெம்பரில் கோல்டன் போய்மீது வழக்குத் தொடுத்து, நவம்பரில் எந்தக் கட்டும் இல்லாமல் வெளியேறினார். நிறுவனம் நின்றது, ஆனால் அதன் மதிப்பின் பெரும்பகுதி ஒருவருடைய காலோடு வாசலைத் தாண்டிப் போனது. அவர் விற்றது எதை என்றும் பாருங்கள்: 2007 இல் வாங்கிய தி ரிங் என்ற குத்துச்சண்டைச் சஞ்சிகையை 2024 இல் சவூதி அதிகாரி துர்க்கி அல்-ஷேக்குக்குக் கொடுத்தார். சஞ்சிகை யாருடைய கைக்குப் போனாலும் சஞ்சிகையாகவே இருக்கும் ஆதலால் அது விற்கக்கூடிய பொருள். வீரர்களோடு உள்ள உறவு அப்படிப்பட்டதல்ல.

எனவே அவரோடு உங்களை ஒப்பிடுவதானால், அவர் விற்காமல் வைத்திருக்கிறார் என்பதைவிட, அவருக்கு நிர்வாகம் செய்ய வேறொருவர் இருந்தார் என்பதையே கவனிக்கச் சொல்வேன். இந்தத் தொழிலில் நெடுங்காலம் நிலைத்தவர்களில் பொப் ஆரம் ஒரு சட்டத்தரணி, மச்ரூம் நிறுவனத்தை உருவாக்கிய பரி ஹேர்ன் ஒரு கணக்காளர். என் தொழில்காரரைப் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புரமோட்டர் வேலையின் முக்கால்வாசி ஒப்பந்தமும் கணக்கும்தான், அந்த முக்கால்வாசிதான் உங்களைக் களைப்பாக்கியிருக்கிறது. முழுவதையும் விற்பதற்கு முன், அந்தப் பகுதியைச் செய்ய ஒரு பங்காளியை 30 அல்லது 40 வீதப் பங்குக்குச் சேர்த்துக்கொள்வதை வாங்குபவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது வரியைப் பற்றி, ஏனென்றால் இந்த இடத்தில்தான் நீங்கள் கையில் வருமென்று நினைக்கும் பணம் குறைகிறது. வணிகத்தை விற்பவர்களுக்கான மூலதன ஆதாயச் சலுகை வீதம் 2025 ஏப்ரல் 5 வரை 10 ஆக இருந்து, பின்னர் 14 ஆகி, 2026 ஏப்ரல் 6 முதல் 18 ஆகிறது. வாழ்நாள் எல்லை ஒருவருக்கு 1 மில்லியன் பவுண். பங்கில் குறைந்தது 5 வீதத்தை வைத்திருந்து, இரண்டு ஆண்டுகள் பணிப்பாளராகவோ செயலாளராகவோ ஊழியராகவோ இருந்தவருக்கு அது கிடைக்கும் ஆதலால், உங்கள் மனைவியும் தகுதி பெறுவார். சிக்கல் பிற்காலப் பணத்தில் இருக்கிறது. எவ்வளவு வரும் என்று இன்று சொல்ல முடியாத தொகையைப் பெறும் உரிமையையே ஒரு சொத்தாக மதிப்பிட்டு, விற்ற ஆண்டிலேயே வரி கேட்பார்கள். 1980 இல், அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கிலிருந்து இதுதான் நடைமுறை. உதாரணத்துக்கு, வரவேண்டிய 280,000 பவுணை இன்றைய மதிப்பில் 150,000 என்று மதிப்பிட்டால், கையில் வந்த 120,000 உடன் சேர்த்து 270,000 பவுணுக்கு 18 வீதப்படி 48,600 பவுண் வரி. கையில் வாங்கிய பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே போய்விடும். பின்னர் 280,000 முழுவதும் வந்தால், மேலதிகமான 130,000 பவுணுக்குச் சலுகை கிடையாது. அதற்கு 24 வீதம் வரை போகலாம். குறைவாக வந்தால் நட்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் கழிக்க வழி உண்டு, ஆனால் அதுவரை பணம் வரித் திணைக்களத்திடம் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. நீங்கள் வேலையில் இருந்தால்தான் மீதிப் பணம் என்று எழுதினால், அதைப் பங்கின் விலையாகப் பார்க்காமல் உங்கள் சம்பளமாகப் பார்க்க வரித் திணைக்களத்துக்கு இடம் உண்டு. அப்படிப் பார்த்தால் வருமான வரி 40 வீதமோ அதற்கு மேலோ வரும், தேசியக் காப்புறுதியும் சேரும். அந்த ஒரு வாக்கியம் உங்களுக்குப் பல பத்தாயிரம் பவுண் நட்டம். எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: வேலை ஒப்பந்தம் வேறு, பங்கு விலை வேறு என்று பிரித்து எழுதச் சொல்லி, கைச்சாத்திடும் முன் உங்கள் கணக்காளரைக் கொண்டு இந்தத் தொகைகள் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 60,000 பவுண் கடனும் விலைக்குள் அடங்காது. கைச்சாத்திடும் நாளிலேயே அதைத் தனியாகத் திருப்பித் தரவேண்டும். கடனைத் திருப்பிப் பெறும்போது அதற்கு வரியும் இல்லை.

பட்டச் சண்டை நிபந்தனையை வாசித்தபோது, வாங்குபவரின் வேலையைச் செய்து முடிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றியது. பட்டச் சண்டை கிடைப்பதற்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் வேண்டும், பணம் வேண்டும். இரண்டும் இனி அவர்கள் கையில். ஒளிபரப்பாளர்களும் நிலையானவர்கள் அல்லர்: அமெரிக்கத் தொலைக்காட்சிகளில், 45 ஆண்டுகள் குத்துச்சண்டை காட்டிய எச்.பி.ஓ 2018 இல் நிறுத்தியது, ஷோடைம் 2023 இல் நிறுத்தியது. நாளை அவர்களுடைய திட்டம் மாறி, ஆண்டுக்கு ஒரு போட்டி போதும் என்று முடிவெடுத்தால் உங்கள் 280,000 பவுண் உங்கள் தவறில்லாமலே போய்விடும். ஆண்டுக்கு இத்தனை போட்டிகளை இவ்வளவு செலவில் நடத்துவோம் என்று அவர்கள் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். அதை மீறினால் மீதி முழுவதும் உடனே செலுத்தப்படவேண்டும்.

தொழில் தடையைப் பொறுத்தவரை, வேலை ஒப்பந்தத்தில் உள்ள தடையைவிட வணிகத்தை விற்கும்போது ஒப்புக்கொண்ட தடையை ஆங்கில நீதிமன்றங்கள் எளிதில் நிறைவேற்றும். நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டது என்பதே காரணம். விலகிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்றால் மொத்தம் எட்டு ஆண்டுகள், அதுவும் பயிற்சி கொடுப்பதையும் உட்படுத்தி. விற்ற நாளிலிருந்து கணக்கிட்டு மூன்று ஆண்டுகள், போட்டி நடத்துவதும் மேலாளராக இருப்பதும் மட்டும், இலண்டனும் அதைச் சுற்றிய பகுதிகளும் மட்டும் என்று சுருக்குங்கள். நிறுவனம் உங்கள் பெயரைத் தாங்கியிருப்பதால், பெயரை விற்றுவிடாமல், நீங்கள் அங்கே இருக்கும்வரை பாவிக்க அனுமதிப்பதாக மட்டும் எழுதுங்கள்.

உத்தரவாதங்கள், அதாவது நிறுவனத்தின் நிலைமை பற்றி விற்பவர் கொடுக்கும் உறுதிமொழிகள், என்ற பகுதியைப் பலர் வாசிப்பதே இல்லை. பங்குகளை விற்றால் நிறுவனத்தின் பழைய பொறுப்புகளும் அதோடு போகும். ஆனால் வாங்குபவர் அவற்றை உத்தரவாதங்கள் மூலம் உங்களிடமே திருப்பிவிடுவார். உங்கள் தொழிலில் அது சிறிய விடயமல்ல. மேலே சொன்ன அதே மைக்கல் வொட்சன், 1991 செப்டெம்பரில் வைட் ஹார்ட் லேனில் கிறிஸ் யூபாங்குடன் ஆடிய சண்டையில் மூளையில் பாதிப்படைந்தார். மேடையருகே போதிய மருத்துவ ஏற்பாடுகளை விதிக்கவில்லை என்று சபைக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சண்டை நடந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே உங்கள் உத்தரவாதங்களுக்கு இரண்டு ஆண்டு எல்லையும், நீங்கள் உண்மையில் பெற்ற தொகையைத் தாண்டாத உச்சவரம்பும் வேண்டும்; பழைய போட்டிகளுக்கான காப்புறுதிப் பத்திரங்கள் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்.

வீரர்களுக்கு எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி, பங்கு விற்பனையில் ஒப்பந்தங்கள் நிறுவனத்தோடே இருப்பதால் பொதுவாக அவர்களுடைய சம்மதம் தேவையில்லை. நீங்கள் விலகினால் வீரரும் விலகலாம் என்றோ, உரிமை கைமாறினால் ஒப்பந்தம் முடியும் என்றோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொன்றிலும் பாருங்கள். ஆயினும் அந்த இளைஞரிடமும் அவருடைய தகப்பனாரிடமும் கைச்சாத்திடுவதற்கு முன்பே பேச வேண்டும் என்பேன், வாங்குபவரின் அனுமதியோடு. அவருடைய மேலாளர் என்ற முறையில் இந்த விற்பனையில் உங்களுக்குப் பணம் கிடைக்கிறது என்பதை மறைப்பது உங்கள் கடமைக்கு விரோதமாகலாம். அவர் தனக்கென வேறு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெற்று, புதிய நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்பினால், வாங்குபவருக்கும் உறுதியான ஒன்று கிடைக்கும். அதைக் காட்டி நீங்கள் கைச்சாத்து நாளில் கேட்கும் தொகையையும் உயர்த்தலாம். அவர் வர மறுத்தால் அதை இப்போதே அறிவது நல்லது. அப்போது விலை பாதியாகக் குறையலாம், ஆனால் அந்தப் பாதி உண்மையான விலையாக இருக்கும்.

என் கணக்கில், 300,000 பவுண் மொத்தத்தில் 200,000 கைச்சாத்து நாளில், 60,000 கடன் தனியாக, நீங்கள் 18 மாதம் மட்டும் சம்பளத்தோடு உதவிக்கு இருப்பது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் விற்றுவிடுங்கள், மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், ஆண்டுக்கு மூன்று போட்டிகளாகக் குறைத்துக்கொண்டு, கணக்கும் ஒப்பந்தமும் பார்க்க ஒருவரைப் பகுதிநேரமாக வைத்து இன்னும் ஓராண்டு நடத்திப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பொறுத்தவரை, அவர்கள் அனுப்பியிருப்பது பெரும்பாலும் ஆரம்ப இணக்கப் பத்திரமாக இருக்கும். அதில் விலை பற்றிய பகுதி வழக்கமாக யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் வேறு யாரோடும் பேசமாட்டேன் என்ற பகுதி உங்களைக் கட்டுப்படுத்தும். கைச்சாத்திடாமல், இரண்டு வார அவகாசம் வேண்டுமென்று மின்னஞ்சலில் கேளுங்கள். மூன்று ஆண்டுகள் உங்களோடு வேலை செய்ய நினைக்கும் ஒருவர் அதற்கு மறுக்க மாட்டார்.